வெளி டூமுக்குப் பிரகாசமான பல்பு: வாட்டைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். முன்பக்கம் இடிபட்ட காருக்குக் கம்பெனி டூம் (முன்விளக்கு முழு செட்) போடாமல், வேறு கம்பெனிகள் செய்து விற்கும், விலை குறைவாகக் கிடைத்த வெளி டூம் இரண்டையும் மாட்டியாகிவிட்டது. உள்ளே எச்4 பல்பு. இரவில் சாலை முன்புபோலத் தெரியவில்லை. 100/90 பல்பு (பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90) போடலாமா, எல்இடி போடலாமா, +150 என்று அட்டையில் போட்டிருக்கும் ஹாலோஜன் போதுமா?

போட வேண்டியது 60/55 வாட்டிலேயே வரும் நல்ல கம்பெனியின் +100 முதல் +150 வரையிலான ஹாலோஜன். அதோடு ரிலே வயரிங் (பல்புக்கான மின்சாரத்தை ஸ்விட்ச் வழியாக அல்லாமல் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுப்பது), பிறகு ஒளி எவ்வளவு கீழ்நோக்கி விழுகிறது என்ற இறக்கத்தைச் சரிசெய்தல். 100/90 வேண்டாம். ரிஃப்ளெக்டர் (ஒளியைத் திருப்பிக் குவிக்கும் பளபளப்பான குழிந்த பரப்பு) வைத்த டூமில் எல்இடியும் வேண்டாம். ஆனால் பல்பு வாங்கக் கிளம்பும் முன் டூமைப் பார்த்துவிடுங்கள். டூம் மோசமாக இருந்தால் எந்தப் பல்பாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

எச்4 பல்பில் இரண்டு இழைகள் உண்டு. பிரைட்டுக்கான இழை ரிஃப்ளெக்டரின் குவியத்தில் உட்காரும். டிம்முக்கான இழை அதற்குச் சற்று முன்னால், ஒரு சிறு உலோகக் கிண்ணத்தின் மேல் இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அந்தக் கிண்ணம் தடுத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே டிம்முக்கு வேலை செய்கிறது. சுவரில் தெரியும் மேல்விளிம்புக் கோடு அந்தக் கிண்ணத்தின் விளிம்புதான். இத்தனையும் மில்லிமீட்டர் கணக்கு. இழை ஒரு மில்லிமீட்டர் முன்பின் போனாலே தூரத்தில் குவிய வேண்டிய ஒளி சிதறிவிடும். மட்டமான டூம்களில் பல்பு உட்காரும் வளையம் தளர்வாக இருக்கும், கம்பி கிளிப் இறுகப் பிடிக்காது. மாட்டிய பல்பை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால் குறை டூமில்தான். பல்பின் மூன்று காதுகளில் அகலமானது மேலே வந்து, தகடு முழுதும் வளையத்தில் படிந்திருக்க வேண்டும்.

அடுத்து டூமின் முன்கண்ணாடியில் இருக்கும் குறிகள். ஐரோப்பிய ஒழுங்குமுறைப்படி ஒப்புதல் பெற்ற விளக்கில், வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். பக்கத்தில் எச்சிஆர் என்ற எழுத்துகள் இருந்தால் ஹாலோஜன், டிம், பிரைட் என்று பொருள். டிசி, டிஆர் என்றிருந்தால் அது எச்ஐடிக்கென்று (இழைக்குப் பதில் வாயுவில் மின்பொறி எரியும் பல்பு) செய்த விளக்கு. இவற்றைவிட முக்கியம் அம்புக்குறி. நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில், காரின் எதிரே நின்று பார்த்தால் அம்பு நம் வலப்பக்கம் காட்டும். இருமுனை அம்பு இருந்தால் இரண்டு வகைக்கும் பொருந்தும். அம்பே இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அப்படிப்பட்ட டூமில், இடப்பக்கச் சாலையோரத்தைக் காட்ட 15 டிகிரி மேலேற வேண்டிய ஒளி வலப்பக்கம் ஏறி, எதிரே வருபவரின் கண்ணில் நேராக விழும். உங்கள் பக்கத்துச் சாலையோரம் இருட்டாகவே கிடக்கும். இதைத் திருகாணியால் சரிசெய்ய முடியாது, திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். சென்னை புதுப்பேட்டையிலோ ஜிபி ரோட்டிலோ டூம் வாங்கும்போது பெட்டியைத் திறந்து இந்த ஒரு குறியைப் பார்க்க அரை நிமிடம் கூட ஆகாது. கார் கம்பெனிகளுக்கே விளக்கு செய்து கொடுக்கும் லூமாக்ஸ், யூனோ மிண்டா போன்றவற்றின் டூம் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். விலை வித்தியாசம் நியாயமானது.

டூம் தேறிவிட்டால் அடுத்து வோல்டேஜ். ‘வெளிச்சம் போதவில்லை’ என்று வரும் வண்டிகள் பலவற்றில் பல்பைக் குறை சொல்லக் காரணமே இருக்காது.

60/55 வாட் எச்4 பல்பு 13.2 வோல்ட்டில் பிரைட்டுக்குச் சுமார் 1650 லூமனும் (லூமன் என்பது மொத்த ஒளியின் அளவு) டிம்முக்குச் சுமார் 1000 லூமனும் தர வேண்டும். ஐரோப்பிய ஒழுங்குமுறையே இதைச் சொல்கிறது. 15 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். ஹாலோஜனின் ஒளி வோல்டேஜின் 3.4-ஆவது அடுக்கில் ஏறி இறங்கும். 13.2-க்குப் பதில் 12 வோல்ட் மட்டும் பல்புக்கு வந்து சேர்ந்தால் ஒளி ஏறக்குறைய 28 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு ஸ்விட்ச்சுக்குப் போய்த் திரும்பும் ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் 4 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் அதன் மின்தடை சுமார் 0.07 ஓம். இரண்டு பல்புக்கும் சேர்த்து 10 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 0.7 வோல்ட் காணாமல் போகிறது. ஸ்விட்ச்சின் காண்டாக்டும் துருப்பிடித்த எர்த்தும் இன்னும் கொஞ்சம் தின்னும்.

அளந்து பார்ப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து 1500 ஆர்பிஎம்மில் வையுங்கள். டிம்மைப் போடுங்கள். மல்டிமீட்டரில் முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள், 13.8 முதல் 14.4 வரை இருக்கும். பிறகு பல்பு மாட்டியபடியே ஹோல்டரின் பின்பக்கமாக முனைகளைத் தொட்டுப் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால் மின்னோட்டமே இருக்காது, எல்லாம் நன்றாக இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றிவிடும். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் வயரிங்கைத்தான் கவனிக்க வேண்டும். குறை பாசிட்டிவிலா எர்த்திலா என்று அறிய, ஒரு புரோபைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றை ஹோல்டரின் எர்த் முனையிலும் வையுங்கள். அங்கேயே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இறுக்குங்கள். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

எர்த் சரியாக இருந்தும் வோல்டேஜ் குறைந்தால் ரிலே வயரிங். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இரண்டு, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ், 30 அல்லது 40 ஆம்பியர் நாலு பின் ரிலே இரண்டு, பீங்கான் ஹோல்டர் இரண்டு. 13.2 வோல்ட்டில் டிம்முக்குச் சுமார் 10 ஆம்பியரும் பிரைட்டுக்குச் சுமார் 11 ஆம்பியரும் ஓடும், 15 தாங்கும். ரிலேயின் 30-ஆம் பின்னில் ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி வயர், 87-இல் இரண்டு பல்புகளுக்கும் போகும் வயர். 85, 86 இரண்டும் காயில். சில கார்களில் ஸ்விட்ச் பாசிட்டிவைக் கொடுக்கும், சிலவற்றில் பொது முனையில் 12 வோல்ட் நிரந்தரமாக இருந்து ஸ்விட்ச் எர்த்தைக் கொடுக்கும். இரண்டுக்கும் பொருந்தும் வழி ஒன்று உண்டு. காயிலின் ஒரு முனையைப் பழைய ஹோல்டரின் பொது முனைக்கும், மறுமுனையை அதே ஹோல்டரின் டிம் அல்லது பிரைட் முனைக்கும் கொடுங்கள். எந்த வகை ஸ்விட்ச்சிங்காக இருந்தாலும் காயில் இழுக்கும். உள்ளே டயோடு வைத்த ரிலேயாக இருந்தால் மட்டும் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்துக் கொடுக்க வேண்டும். பல்பின் பொது முனையை அந்தந்தப் பக்கத்து பாடியில், சுத்தமான இடத்தில் எர்த் செய்யுங்கள்.

பழைய ஹோல்டரில் சொருகிக்கொள்ளும் ஆண் கப்ளரோடு வரும் ரெடிமேட் செட் வாங்கினால் கம்பெனி வயரை வெட்ட வேண்டியதில்லை, வாரன்டி பேச்சும் எழாது. ஆனால் செட்டை வாங்கியதும் வயரின் தடிமனைப் பாருங்கள். வெளியே தடித்த பிளாஸ்டிக்கும் உள்ளே நாலே நாலு செம்பு இழையும் இருக்கும் செட்டுகள் நிறைய விற்கின்றன. பாடி கன்ட்ரோல் மாடியூல் (காரின் மின் சாதனங்களை நிர்வகிக்கும் சிறு கம்ப்யூட்டர்) விளக்குகளைக் கண்காணிக்கும் புதிய கார்களில், ரிலே காயில் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ‘பல்பு போய்விட்டது’ என்று எச்சரிக்கை வரலாம். அத்தகைய கார்களில் வயரிங்கில் கைவைக்கும் முன் அந்த மாடலின் வயரிங் வரைபடம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இப்போது பல்பு. +100, +130, +150 என்று அட்டையில் இருப்பதை ‘இரண்டரை மடங்கு வெளிச்சம்’ என்று படிக்கக் கூடாது. சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு, சாலையின் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் அவ்வளவு கூடும் என்பதே அதன் பொருள். மொத்த லூமன் அதே 1000, 1650 எல்லைக்குள்தான் இருக்கும். இழையை மெல்லியதாக, நெருக்கமாக, துல்லியமான இடத்தில் வைத்து, உள்ளே செனான் வாயுவை அதிக அழுத்தத்தில் நிரப்புகிறார்கள். ஒளி சிறு புள்ளியிலிருந்து வருவதால் ரிஃப்ளெக்டர் அதைத் தூரத்தில் நன்றாகக் குவிக்கிறது. நமக்குத் தேவையும் அதுதான். ஆஸ்ராமின் நைட் பிரேக்கர் வரிசை, பிலிப்ஸின் எக்ஸ்ட்ரீம்விஷன், ரேசிங்விஷன் வரிசைகள் இந்த வகை.

விலையாகக் கொடுப்பது ஆயுளை. இவற்றில் பல 150 முதல் 250 மணி நேரத்துக்குள் போய்விடும். தினமும் ஒரு மணி நேரம் இரவில் ஓட்டுபவருக்கு 200 மணி நேரப் பல்பு ஏழு மாதம் கூட வராது. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினால் ஆயுள் பாதியாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரிலே போட்டபின் பல்பு முனையில் 13.5 முதல் 13.8 வோல்ட் வந்தாலே தாராளம். 14.2-க்கு மேல் வருகிற காரில் +150, +200 வகையைத் தவிர்த்து +100-இல் நின்றுகொள்ளலாம். எப்போதாவது மட்டும் இரவில் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு +130, +150. தினமும் ஓட்டும் டாக்ஸிக்கு நல்ல கம்பெனியின் சாதாரண பல்பும் ரிலேயும் போதும். எதுவாக இருந்தாலும் ஜோடியாக மாற்றுங்கள், பழையதில் நன்றாக எரிகிற ஒன்றை டிக்கியில் ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள்.

நீலப் பூச்சுப் பல்புகளைத் தொடவே வேண்டாம். ‘5000 கெல்வின், வெள்ளை வெளிச்சம்’ என்று விற்கப்படும் ஹாலோஜன்களில் வெண்மை எங்கிருந்தும் புதிதாக வரவில்லை. மஞ்சள், சிவப்பு ஒளியைக் கண்ணாடிப் பூச்சு வடிகட்டி எடுத்துவிடுகிறது, மிச்சம்தான் வெளியே வருகிறது. மழையில் நனைந்த தார்ச்சாலையில் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். சுத்தமான ஹாலோஜனின் நிறம் 3200 கெல்வின் அளவில், லேசான மஞ்சளாக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

100/90 ஏன் வேண்டாம்? டிம்மில் மட்டும் 55-க்குப் பதில் 90 வாட், அதாவது 64 சதவீதம் கூடுதல் சூடு. வெளி டூம்களின் ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக், அதன் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு. சூட்டில் பல்புக்கு நேர் மேலே பூச்சு முதலில் மங்கும், பிறகு உரிந்து பழுப்பாகும். முதல் மாதம் பிரமாதமாக இருக்கும். அதன்பின் ஒவ்வொரு வாரமும் குறைந்து, கடைசியில் 60/55 போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வெளிச்சமும் இருக்காது. அந்தப் பூச்சைத் துடைத்தோ பாலிஷ் போட்டோ மீட்க முடியாது. கம்பெனி ஹோல்டரின் முனைகள் உருகும். கம்பெனி வயரிங்கிலேயே இதை மாட்டினால் 16 ஆம்பியருக்கு மேல் இழுத்து, மேலே சொன்ன அதே வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழந்து, கூடுதல் வாட்டில் ஒரு பகுதியை வயரைச் சூடாக்கவே செலவிடும். பொதுச் சாலைக்கு இவற்றுக்கு ஒப்புதலும் கிடையாது. ராலிக்கும் காட்டுப் பாதைக்கும் என்றே கம்பெனிகள் விற்கின்றன.

எல்இடி விஷயத்தில் அட்டையில் இருக்கும் 20,000 லூமனைப் புறக்கணித்துவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒளி எங்கிருந்து கிளம்புகிறது என்பதை. ஹாலோஜன் இழை எல்லாத் திசையிலும் ஒளிவிடும் ஒரு மெல்லிய சுருள். எல்இடி பல்பில் ஒரு தகட்டின் இரு பக்கமும் சிப்புகள், இரு பக்கத்துக்கும் நடுவே தகட்டின் தடிமன். ரிஃப்ளெக்டர் இதை ஒரே புள்ளியாகக் குவிக்க முடியாமல், ஒளியைக் காருக்கு முன்னால் 10, 15 மீட்டருக்குள் கொட்டிவிடுகிறது. ஓட்டுபவருக்குப் ‘பகல் மாதிரி இருக்கிறது’ என்று தோன்றும். ஆனால் அருகில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கி, 60 மீட்டரில் இருட்டில் நிற்கும் மாடோ சைக்கிளோ முன்பைவிடத் தாமதமாகத்தான் கண்ணில் படும். விளிம்புக் கோட்டுக்கு மேலே சிதறும் ஒளி எதிரே வருபவரைக் குருடாக்குவது தனி. பின்னால் விசிறி நீட்டிக்கொண்டிருப்பதால் ரப்பர் மூடி மூடாது, தூசியும் ஈரமும் உள்ளே போகும். மூடிவிட்டால் சூடு வெளியேறாமல், பல்புக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் தானே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜெர்மனியில் 2020-இல் ஆஸ்ராமின் எல்இடி பல்புக்கு அனுமதி கிடைத்தபோதுகூட, சோதித்துப் பட்டியலிட்ட கார்களின் குறிப்பிட்ட விளக்குகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள். எங்கோ செய்த வெளி டூம் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

புரொஜெக்டர் (முன்னால் உருண்டை லென்ஸ் உள்ள அமைப்பு) வைத்த வெளி டூமாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே விளிம்புக் கோட்டை உள்ளே இருக்கும் தடுப்புத் தகடே வெட்டுவதால் எதிரே வருபவருக்குக் கூச்சம் குறைவு. எந்தப் பல்புக்குச் செய்த புரொஜெக்டர் என்பதை மட்டும் பாருங்கள். எச்7 என்றால் 55 வாட்டில் 1500 லூமன், எச்11 என்றால் 1350. டி2எஸ் போன்ற எச்ஐடி பல்புக்குச் செய்ததில் 35 வாட் எச்ஐடி 3200 லூமன் தரும். அதில் அடாப்டர் வைத்து ஹாலோஜன் மாட்டினால் பாதி கூட வராது, 4300 கெல்வின் எச்ஐடியும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் நல்ல பாலஸ்ட்டும்தான் அங்கே சரி. எச்11 புரொஜெக்டரில் எச்9 பல்பின் காதைச் சீவி மாட்டும் பழக்கம் ஒன்று உண்டு. எச்9 65 வாட், 2100 லூமன், வித்தியாசம் நிஜமானது. ஆனால் அது பிரைட்டுக்கு மட்டும் என்று வகுக்கப்பட்ட பல்பு, நுனியில் கறுப்புப் பூச்சு கிடையாது. ரிஃப்ளெக்டர் டூமில் இதைச் செய்தால் கூச்சம் தாங்காது.

பல்பை மாட்டும்போது கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

மாட்டியபின் இறக்கம். பலர் விட்டுவிடுவதும், செலவே இல்லாமல் அதிகம் கிடைப்பதும் இதில்தான். விளக்கின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்றால், 1 சதவீத இறக்கத்தில் (ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்) விளிம்புக் கோடு 65 மீட்டரில் தரையைத் தொடும். அதே விளக்கு 2 சதவீதம் இறங்கியிருந்தால் 32 மீட்டரிலேயே முடிந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கண்ணில் பட்டதிலிருந்து கால் பிரேக்கைத் தொடவே 1.5 விநாடியில் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னொரு 35 மீட்டர். பல்பின் ஒளியை இரட்டிப்பாக்கினாலும் அதே வெளிச்சம் எட்டும் தூரம் 41 சதவீதமே கூடும். தாழ்ந்து கிடந்த விளக்கைச் சரியான இடத்துக்கு உயர்த்தினால் தூரம் இரட்டிப்பாகும்.

சமதரையில், சுவருக்கு நேராக, விளக்கிலிருந்து சுவர் 5 மீட்டரில் இருக்கும்படி காரை நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று, டேங்கில் பாதி எரிபொருள், ஓட்டுநர் சீட்டில் ஓர் ஆள், விளக்கை உள்ளிருந்தே ஏற்றி இறக்கும் லெவலிங் சக்கரம் பூஜ்யத்தில். விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் டேப்பால் குறித்து, அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. விளக்கருகே ஸ்டிக்கரில் 1.2 என்றோ வேறெதுவோ இருந்தால் அந்தச் சதவீதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதன் தட்டையான விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் நிற்கும்வரை திருகுங்கள். மேலேறும் மடிப்பு விளக்கின் மையத்துக்கு நேராக இருந்து இடப்பக்கம் ஏற வேண்டும். மறு விளக்குக்கும் அப்படியே.

சுவரில் இன்னொன்றும் தெரிந்துவிடும். முதலில் ஒரு சாதாரண, நல்ல கம்பெனி 60/55 பல்பைப் போட்டுப் போனில் படம் எடுத்து வையுங்கள், பிறகு புதுப் பல்பைப் போட்டு அதே எக்ஸ்போஷரில் எடுங்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே, நடுவில் இருக்கும் பளிச்சென்ற பகுதி கூடியிருக்க வேண்டும், கோடு கூர்மையாகவே நிற்க வேண்டும். கீழே தரையோரம் மட்டும் பளிச்சிட்டு, கோடு மங்கினால் அந்தப் பல்பு உங்கள் டூமுக்கு ஆகாது. சாதாரண பல்பிலேயே கோடு கூர்மையாக விழவில்லை, பல்பும் ஆடாமல் நேராக உட்கார்ந்திருக்கிறது என்றால், பல்புக்கு வைத்திருக்கும் பணத்தை டூமுக்குப் போடுங்கள்.